மேஜைக்கு அடியில் பிரேக் இல்லை

டிரைவிங் மாஸ்டர் அந்த சீசனில் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார். ஆடி வாங்கியவை அல்ல. அந்த மனுஷன் பிறந்ததிலிருந்து ஒரு பந்தைக்கூட உருப்படியாகப் பிடித்தது கிடையாது. சும்மா உட்கார்ந்து பார்த்ததற்கே இரண்டு அட்டை!

பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகள் ஆடும் கூடைப்பந்து கிளப் அது. சீசன் தொடங்கும்போதே ஒரு தாளில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கோச்சுக்கு நாலு வரி: பிள்ளையை மற்றவர் முன்னால் திட்டாதே, பெஞ்சில் இருக்கும் எல்லாப் பிள்ளையையும் ஆட விடு, இப்படி. பிள்ளைகளுக்கு ஐந்து வரி. அதில் முக்கியமானது, ஃபவுல் செய்தால் விசில் ஊதியதும் நீயே கையைத் தூக்கு, வாதாடாதே. பெற்றோருக்கு மட்டும் தாளின் பின்பக்கம் முழுக்க. ஏன் என்று கேட்கவா வேண்டும்? ஆடுகிறவர்களைவிடப் பார்க்கிறவர்களுக்குத்தானே ஆட்டம் அதிகம்.

முதல் அட்டை, மகள் பந்தோடு ஓடும்போது "லெஃப்ட்ல ஒடி! ஒடி! ஃபுல்லா ஒடி!" என்று ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொல்வதுபோலக் கத்தியதற்கு. வெளியிலிருந்து ஆட்டம் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது விதி. இரண்டாவது, ரெஃப்ரியைப் பார்த்து "உங்களுக்கு லைசென்ஸ் குடுத்தது எந்தப் புண்ணியவான்?" என்று கேட்டதற்கு. மூன்றாவது விழுந்தால் அப்பனுக்கு ஒன்றும் ஆகாது. மகள் அடுத்த சீசன் முழுக்க வெளியே உட்கார வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கத்தினால் நுணலின் குஞ்சு கெடும். அநியாயம்தான், ஆனால் கையெழுத்துப் போட்டாயிற்றே.

இதோடு இன்னொரு வழக்கமும் அந்த கிளப்பில் உண்டு. சீசனின் முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டுத்தாளில், 'மேட்ச்சுக்கு வரும் என் வீட்டாரிடம் நான் கேட்பது' என்று ஒரே ஒரு விஷயத்தை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கோச்சிடம் கொடுத்துவிட வேண்டும். வீட்டாருக்கு இரண்டாவது அட்டை விழுந்தால்தான் உறை பிரியும்.

மாஸ்டரின் உறை, மைதானத்துப் படிக்கட்டில் வைத்துப் பிரிந்தது. கோச் ஒரு பெண். வாரம் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவள். சனிக்கிழமை மத்தியானம் டூல்ஸ் பையோடு நேராக வந்துவிடுவாள். தாளைப் பிரித்தாள், படித்தாள், குனிந்து மாஸ்டரின் செருப்பை ஒரு பார்வை பார்த்தாள், தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"சார், சீசன் முடியற வரைக்கும் நீங்க பார்வையாளர் பக்கம் உக்கார வேண்டாம். டேபிள்ல உக்காந்து ஃபவுல் ஷீட் எழுதுங்க."

"பனிஷ்மெண்டா மேடம்?"

"வேலை சார். யாராவது எழுதித்தானே ஆகணும்."

"அது சரி, என் பொண்ணு என்ன எழுதியிருக்கா?"

"கடைசி மேட்ச் முடிஞ்சதும் தரேன்."

அன்றிலிருந்து மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கத்தக் கூடாது என்று எழுதியிருப்பாளா? வரவே கூடாது என்றா? ஒரு அப்பனைப் பற்றிப் பெற்ற பெண் ஒரு வரி எழுதி, அதை ஊரான் வீட்டுப் பெண் படித்துவிட்டாள், இவர் மட்டும் படிக்கவில்லை என்றால் சோறு எப்படி இறங்கும்?

பாடம் எடுக்கிற காரிலும் அதே நினைப்புதான். அவருடைய காரில் கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் உட்காரும் அவர் காலடியில் இன்னொரு பிரேக். பதினோரு வருஷமாக அந்த இரண்டாவது பிரேக்தான் அவருக்குச் சோறு போடுகிறது. எத்தனை சுவர், எத்தனை கம்பம், எத்தனை பேரின் முட்டி அந்தக் காலால் தப்பியிருக்கிறது என்று கணக்கே இல்லை. ஆனால் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்ற கதையாக, அவர் காரை விட்டு இறங்கினாலும் அந்தக் கால் இறங்காது. பஸ்ஸில் போனால் மிதிக்கும். சலூன் நாற்காலியில் கத்தி காதுப்பக்கம் வந்தால் மிதிக்கும். டிவியில் யாராவது வேகமாக ஓடினால்கூட சோபாவுக்கு முன்னால் தரையில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். வீட்டில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. சுவர்க் கடிகாரச் சத்தம் போல அதுவும் பழகிப்போயிற்று என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"என்னதான் எழுதியிருப்பா?" என்று மனைவியைக் குடைந்தார். அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள்.

"ஊருக்கெல்லாம் பவர் பாத்துக் கண்ணாடி குடுக்கறேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் எதிர்ல இருக்கறது தெரிய மாட்டேங்குது" என்றாள் அவள்.

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எதுவும் தெரியாது. ஆள விடுங்க சாமி."

மகளிடமும் கேட்டுப் பார்த்தார். அவளை வீட்டில் 'சுண்டு' என்பார்கள். அணியிலேயே குள்ளம், அணியிலேயே வேகம், பதினாலாம் நம்பர் ஜெர்சி. "அது சொல்லக் கூடாதுப்பா" என்று ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே ஓடிவிட்டாள்.

கடைசி மேட்ச் நாள் வந்தது. ஜெயித்தால் கோப்பை, தோற்றால் கைத்தட்டல். மாஸ்டர் காலையிலேயே மூன்று முறை முகம் கழுவினார். கார் மைதானத்து வாசலில் நின்றதும் சுண்டு கதவைத் திறந்துவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, டேபிள்ல உக்காந்துக்கிட்டு எனக்காக எதுவும் பண்ணிடாதீங்க."

"என்னடி இப்படிச் சொல்ற! நான் என்ன பண்ணப் போறேன்?"

"இல்ல, சும்மா சொன்னேன்." இறங்கிப் போய்விட்டாள்.

சுருக்கென்று தைத்தது அவருக்கு. சுண்டு நாலாம் வகுப்பில் இருந்தபோது ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். இவர் போய் நடுவரிடம் அரைமணி நேரம் வாதாடி முதல் பரிசை வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் கோப்பையை அவள் அலமாரிக்குள் துணிக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். ஏன் என்று அவர் இதுவரை கேட்டதில்லை.

டேபிள் என்பது நீளமான மேஜை. மேலே போர்த்திய நீலத்துணி தரை வரை தொங்கும். இவருக்குப் பக்கத்தில், எதிரணிப் பிள்ளை ஒன்றின் அம்மா, மருந்துக்கடை வைத்திருக்கிறவள். கடிகாரமும் ஸ்கோரும் அவள் பொறுப்பு, ஃபவுல் ஷீட் இவர் பொறுப்பு. வேலை சுலபம்தான். யார் ஃபவுல் செய்தாளோ அவள் பெயருக்கு நேரே உள்ள கட்டத்தில், எந்தக் குவார்ட்டரோ அந்த எண்ணை எழுத வேண்டும். ஒருத்திக்கு நாலு ஃபவுல் ஆனால் '4' என்ற அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஐந்தானால் ஹாரனை அழுத்த வேண்டும். அந்தப் பிள்ளை வெளியே போய்விட வேண்டும். மேஜையில் இருப்பவர் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது.

மருந்துக்கடை அம்மா இவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு இருமல் மிட்டாயை எடுத்து நீட்டினாள்.

"எனக்கு இருமல் இல்லீங்களே."

"உங்க பேரு எங்க ஸ்கூல் வரைக்கும் தெரியும் சார். வாயில போட்டுக்கோங்க. வாய் மூடியிருக்கும்."

போட்டுக்கொண்டார். அப்பப்பா, அந்தப் பாடு! சுண்டு பந்தை எடுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, எவளோ ஒருத்தி இடிக்கிறாள், ரெஃப்ரி பார்க்காமல் நிற்கிறான், தொண்டை வரை வந்த கத்தலை மிட்டாயோடு சேர்த்து விழுங்க வேண்டியிருக்கிறது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தார். கால் மட்டும் துணிக்குள் தன் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, அவருக்கும் அது ஞாபகத்தில் இல்லை.

இரண்டு குவார்ட்டர் முடிந்தபோது சுண்டுவுக்கு இரண்டு ஃபவுல். மூன்றாவது குவார்ட்டரில் எதிரணியின் தடிச்சி ஒருத்தி பந்தோடு வந்தாள். சுண்டு குறுக்கே பாய்ந்தாள். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். விசில். மாஸ்டர் நாற்காலியிலிருந்து அரை அடி எழும்பிவிட்டார். பிள்ளைக்கு அடிபட்டதா, தலை மோதியதா? சுண்டு எழுந்தாள், முட்டியைத் தட்டிவிட்டாள், கையைத் தூக்கினாள். 'அம்மாடி, நடக்கிறாள்' என்று மூச்சு வந்தது. பேனாவும் தாளும் அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. கண்ணை மகளிடமிருந்து எடுக்காமலே கட்டத்தில் '3' என்று எழுதினார்.

நாலாவது குவார்ட்டர் ஆரம்பத்தில் சுண்டு இன்னொரு ஃபவுல் செய்தாள். கையைத் தூக்கினாள். தூக்கிய கையோடு மேஜையைப் பார்த்தாள். ஆட்டத்துக்கு நடுவே பெண் தன்னைத் தேடிப் பார்க்கிறாள் என்று மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஒரு சிரிப்பு சிரித்து, தலையையும் ஆட்டினார். அவள் சிரிக்கவில்லை.

ஆட்டம் முடிய ஒன்றரை நிமிஷம். எதிரணி முப்பத்தொன்று, இவர்கள் முப்பது. அப்போது மறுபடி விசில், மறுபடி சுண்டு. மாஸ்டர் எழுதினார், எண்ணினார், நாலு. '4' அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

சுண்டு கையை இறக்கவில்லை.

ரெஃப்ரி "சரிம்மா, பாத்துட்டேன், கையைப் போடு" என்றார். மற்றப் பிள்ளைகள் இடம் மாறி நின்றுவிட்டார்கள். அவள் மட்டும் கையைத் தூக்கியபடி அட்டையைப் பார்த்தாள், அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அலமாரிக்குள் துணிக்குப் பின்னால் ஒரு கோப்பையை ஒளித்து வைத்தாளே, அன்றைய முகம் அது. மெதுவாகக் கையைப் போட்டுக்கொண்டு ஆடப் போனாள். ஆனால் பந்து கைக்கு வந்ததுமே சூடு பட்ட மாதிரி அடுத்தவளிடம் தள்ளிவிட்டாள்.

மாஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஷீட்டைக் குனிந்து பார்த்தார். சுண்டுவின் வரிசையில் 1, 2, 4, 4. மூன்றாவது குவார்ட்டரில் எதுவும் இல்லை. அப்படியானால் அந்தத் தடிச்சியோடு விழுந்தது? கண்ணை ஒரு வரிசை மேலே ஏற்றினார். அங்கே 'நெட்டை' என்று எல்லாரும் கூப்பிடும் பிள்ளையின் பெயர். அதற்கு நேரே, இவர் கையெழுத்திலேயே, கோணலாக ஒரு '3'.

நெட்டை மூன்றாவது குவார்ட்டர் முழுக்கக் கணுக்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தபடி யாரை இடிப்பாள்? கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா?

சுண்டுவுக்கு ஐந்து ஆகிவிட்டது. அவள் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள். நாலாவதுக்கு அட்டை வராதபோது பார்த்தாள், அப்பன் சிரித்துத் தலையாட்டினான். ஐயோ, அந்தச் சிரிப்பை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பாள்!

சொல்லிவிடலாம். சொன்னால் சுண்டு வெளியே. அவள் இல்லாமல் இந்த அணி ஜெயிக்காது, அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். சொன்னாலும் யார் நம்புவார்கள்? எத்தனையோ பிள்ளைகள் பெயர் இருக்கும் தாளில், பெற்ற மகளின் வரிசையில் மட்டும் பேனா தடுக்கிற்றாம்! மூன்றாவது அட்டை நிச்சயம், அடுத்த சீசனும் போச்சு. சொல்லாவிட்டால்? ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. மருந்துக்கடை அம்மா கடிகாரத்தில் கண்ணாக இருக்கிறாள். வாயை மூடு, வாயை மூடு என்றுதானே ஊரே சொல்லிற்று? மூடிக்கொண்டிருந்தால் நல்ல பெயர்கூட வரும். ஒரே ஒரு ஆளைத் தவிர எல்லாரிடமும்.

இருதலைக்கொள்ளி எறும்பாக அவர் தவித்துக்கொண்டிருந்தபோது கடிகாரம் ஓடியது. நாற்பது செகண்ட். முப்பது. எதிரணியின் கையிலிருந்து நழுவிய பந்து தரையில் குதித்து, வேண்டாம் வேண்டாம் என்றிருந்தவளின் கைக்கே வந்து சேர்ந்தது. எதிரே ஒருத்தியும் இல்லை. கூடை வரை வெறும் தரை. "ஓடு சுண்டு, ஓடு!" என்று இவர்கள் பக்கம் மொத்தமும் எழுந்து நின்றது. அவள் ஓடினாள்.

மாஸ்டரின் கால் ஓங்கி மிதித்தது. எதுவும் நிற்கவில்லை. எப்படி நிற்கும், அங்கே என்ன பிரேக்கா இருக்கிறது? கால் இன்னொரு முறை மிதித்தது. மேஜையே ஒரு பக்கம் நகர்ந்து, ஸ்கோர் அட்டைகள் சரிந்து, மருந்துக்கடை அம்மா "சார்!" என்று அலறினாள். அப்போதுதான் கை போய் ஹாரனை அழுத்தியது. அழுத்திய கையை அவர் எடுக்கவே இல்லை.

பந்து கூடைக்குள் விழுந்தது. ஆனால் விழும்போது ஹாரன் அலறிக்கொண்டிருந்தது, ரெஃப்ரி விசிலை ஊதிவிட்டிருந்தார். கூடை செல்லாது என்று கையை ஆட்டினார்.

"என்னய்யா இது, கடிகாரம் கெட்டுப்போச்சா?" என்று மேஜைக்கு வந்தார். கோச்சும் ஓடி வந்தாள்.

"கடிகாரம் நல்லாத்தான் இருக்கு" என்றார் மாஸ்டர். மிட்டாயைத் துப்ப இடமில்லாமல் விழுங்கிவிட்டார். "நான்தான். பதினாலாம் நம்பருக்கு அஞ்சு ஆயிடுச்சு. மூணாவது குவார்ட்டர்ல ஒண்ண மேல் வரிசையில எழுதிட்டேன். அந்தப் பொண்ணு அப்ப பெஞ்சுல இருந்தா. பாருங்க, நீங்களே பாருங்க."

கோச் ஷீட்டைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள். பார்வையாளர் பக்கத்திலிருந்து கறிக்கடைக்காரர், நெட்டையின் அப்பா, தொண்டை கிழியக் கத்தினார். "யோவ் மாஸ்டரு! உன் பொண்ணுதானேய்யா அது! சீசன் பூரா தேவையில்லாத இடத்துல வாயத் தொறந்த, இன்னிக்காவது மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா?"

கறிக்கடைக்காரருக்கு ஒரு மஞ்சள் அட்டை விழுந்தது.

மாஸ்டர் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு தன் அட்டைக்காகக் காத்திருந்தார். ரெஃப்ரி கோச்சைப் பார்த்தார். கோச் கோணல் '3'-ஐ அடித்து, கீழ் வரிசையில் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். இன்னும் இருபத்தோரு செகண்ட் இருக்கு. ஷீட்ட யாரு எழுதுவா?"

சுண்டு கையைத் தூக்கியபடியே வெளியே வந்தாள். பெஞ்சில் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா, வேர்வையைத் துடைக்கிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்குப் பதில் இறங்கிய பிள்ளை கடைசி செகண்டில் எறிந்த பந்து வளையத்தில் இரண்டு சுற்று சுற்றி வெளியே விழுந்தது. ஒரே ஒரு புள்ளியில் தோல்வி.

கூட்டம் கலைந்தபின் கோச் வந்து, உறையில் இருந்த அந்தத் தாளை அவர் கையில் வைத்தாள். மாஸ்டர் அதைக் காருக்குப் பக்கத்தில் நின்று பிரித்தார். மகளின் குண்டு குண்டு எழுத்து.

'எங்க அப்பா கத்தினா பரவாயில்ல, நான் காதுல வாங்க மாட்டேன். ஆனா நான் பந்தோட ஓடும்போதெல்லாம் அப்பா காலால பிரேக் போடறாரு. அதப் பாத்தா எனக்கு பயம் வந்து நின்னுடறேன். அப்பா கண்டிப்பா வரணும். கால் தெரியாத இடத்துல உக்கார வைங்க.'

இரண்டு முறை படித்தார். கண்ணில் நீர் முட்டியது. எத்தனை ஆட்டத்தில், நட்டநடுவே சும்மா நின்றுவிட்டாள் என்று வீட்டில் கூப்பாடு போட்டிருக்கிறார்! தன் காலைக் குனிந்து பார்த்தார். அடப்பாவி, நீயா?

சுண்டு வந்து முன்சீட்டில், பாடம் எடுக்கும்போது அவர் உட்காரும் இடத்தில், உட்கார்ந்தாள். அவர் ஸ்டியரிங் பக்கம் ஏறினார். வண்டி மெதுவாக வெளிவாசலை நோக்கி ஊர்ந்தது. பிள்ளை தானாகப் பேச ஆரம்பிக்கும் வரை ஆட்டத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பதும் பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாளின் பின்பக்கத்து விதிகளில் ஒன்று. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

"அப்பா" என்றாள் அவளே. "முதல்ல நீங்க வேணும்னே பண்றீங்கன்னு நெனச்சேன்."

"தெரியும். இப்ப?"

"நான் ஓடும்போது மேஜ நகந்துச்சு. துணியெல்லாம் ஆடுச்சு." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்புறம்தான் ஹாரன் வந்துச்சு. உங்க கால் என்னை நிறுத்தப் பாக்குதுன்னு தெரிஞ்சுது. நீங்க வேணும்னு பண்ணலன்னு அப்பவே நம்பிட்டேன்."

மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். மனசு லேசானதும் பழைய வாய் திரும்பி வந்துவிட்டது.

"இருந்தாலும் அந்த ரெஃப்ரி இருக்கானே, மொத ஃபவுல் ஃபவுலே கிடையாதுடி, அவனுக்கு யாரு லைசென்ஸ்..."

வண்டி மெல்ல வேகம் குறைந்து, வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றது. அவர் பிரேக்கைத் தொடவே இல்லை. குனிந்து பார்த்தார். இரண்டாவது பிரேக்கின் மேல் சுண்டுவின் ஷூ இருந்தது.